அடித்துத் திருத்தல் அறமாகுமா?

1823-ஆம் ஆண்டில், அன்றைய சென்னை மாகாணத்தைச் சேர்ந்த பெல்லாரி மாவட்டத்தின் ஆட்சியர் கேம்பெல், தம் மாவட்டத்துப் பள்ளிகளைப் பற்றி வருவாய் வாரியத்திற்கு ஓர் அறிக்கை விடுத்தார். காலையில் முதலில் வரும் மாணவனின் உள்ளங்கையில் சரசுவதியின் பெயர் எழுதப்படும், இரண்டாமவன் கையில் ஒரு சுழி, மூன்றாமவனுக்கு மெல்லிய ஓரடி, நான்காமவனுக்கு இரண்டு, பின்வருவோர்க்கு ஒவ்வொன்றாக ஏறும். சோம்பியிருக்கும் பிள்ளையை இரு கைகளையும் கட்டிக் கூரையில் தொங்கவிடுதலும் உண்டென்கிறார் அவர். நம் திண்ணைப் பள்ளிகளில் கோதண்டம் என்று பெயர் பெற்றது இதுவே.

முதியோர் பலர் இவற்றை நகைச்சுவையோடு நினைவுகூர்வர். எனக்கோ ஓர் ஐயம் எழுகின்றது. முப்பது பிள்ளைகளும் பொழுது புலருமுன்பே வந்துவிட்டனர் எனக் கொள்வோம். அப்போதும் ஒருவன் கடைசியாக வந்தே தீரவேண்டும். அவனுக்கு இருபத்தெட்டு அடிகள்! அவன் செய்த பிழை யாது? மற்றவர்க்குப் பின் வந்தமை ஒன்றே. இங்கே அடி குற்றத்தை அளக்கவில்லை, வரிசையை அளக்கின்றது. பிரம்பு கையிலிருந்தால் குற்றத்தைத் தேடும் உழைப்பே வேண்டாதுபோகிறது என்பதற்கு இதனினும் தெளிந்த சான்று கிடைத்தல் அரிது.

அலுவலகத்தில் கோப்புகளோடு காலங்கழிப்பவன் என்ற முறையில் ஒன்று சொல்லத் தோன்றுகிறது. மத்திய அரசு ஊழியர்க்கான 1965-ஆம் ஆண்டு ஒழுங்கு விதிகளின்படி, வெறும் கண்டனம் தெரிவிப்பதாயினும், குற்றச்சாட்டை எழுத்தில் தந்து, மறுமொழி கேட்டபின்னரே ஆணை பிறப்பிக்க இயலும். கசையடித் தண்டனையை 1955-ஆம் ஆண்டுச் சட்டம் ஒழித்தமையால், திருடனுக்கும் நீதிமன்றம் அதனை விதிக்க முடியாது. ஆயினும் தில்லிப் பள்ளிக் கல்வி விதிகள் 1973-இலிருந்து சில நிபந்தனைகளோடு மாணவனை அடிக்க இடமளித்து வந்தன. 2000-ஆம் ஆண்டு டிசம்பரில் தில்லி உயர்நீதிமன்றமே அதனை நீக்கிற்று. திருடனுக்கு இல்லாத தண்டனை சிறுவனுக்கு இருந்தது எந்த நியாயத்தால்?

அன்பின் நியாயத்தால் என்பர். "கண்ணை மட்டும் விட்டுவிட்டுத் தோலை உரித்துவிடுங்கள்" என்று பிள்ளையை ஒப்படைத்த தந்தையர் நம்மில் ஒருவர் இருவரல்லர். தந்தையின் இசைவு ஆசிரியருக்கு உரிமையாகிறது என்பது வாதம். ஆனால் அடித்த தாய் அன்றிரவே அருகிலிருத்திச் சோறிடுகிறாள். அடியின் கசப்பு அங்கே கரைகின்றது. வகுப்பில் அடிபட்டவன் நாற்பது தோழர்களின் கண்முன் தனித்து நிற்கிறான். அடிக்கும் உரிமையைக் கைமாற்றலாம். அந்தச் சோற்றைக் கைமாற்ற இயலுமா?

"நாங்கள் அடிபட்டே ஆளானோம்" என்னும் வாதத்தையும் பொருட்படுத்தவே வேண்டும். அதனைச் சொல்வோர் பொய்யர் அல்லர். ஆனால் அவர்கள் பள்ளியை முடித்தவர்கள். பிரம்புக்கு அஞ்சி இடையிலேயே நின்று, மாடு மேய்க்கவும் தேநீர்க் கடைக்கும் போனவர்கள் இவ்வித மலர்களில் கட்டுரை எழுதுவதில்லை.

2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம், பதினேழாம் பிரிவில், உடல்சார்ந்த தண்டனையையும் மனத்தை வருத்துதலையும் ஒருங்கே விலக்கியது. அதற்கு இரண்டாண்டு முன்னர், 13 மாநிலங்களில் மத்திய அரசு நடத்திய ஆய்வில், பள்ளி செல்லும் குழந்தைகளுள் மூவரில் இருவர் அடிபட்டதாகக் கூறியிருந்தனர். இத்துணை வேரூன்றிய பழக்கம் ஒரு பிரிவினால் மட்டும் மறையாது. அறுபது பிள்ளைகளைத் தனியொருவரிடம் அடைத்துவிட்டு, பிரம்பை மட்டும் பறித்துக்கொள்வது ஆசிரியருக்கு இழைக்கும் அநீதி. அதே சட்டத்தின் அட்டவணை, தொடக்கப்பள்ளியில் அறுபது பிள்ளைகளுக்கு இரண்டு ஆசிரியர் வேண்டுமென்கிறது. பிரம்பைத் தடுத்த பிரிவை எடுத்தோதுவோர் இவ்வட்டவணையையும் உடன் ஓதுதல் வேண்டும்.

மனத்தை வருத்துதல் என்னும் சொற்றொடர்தான் என்னை மிகவும் சிந்திக்க வைக்கிறது. பிரம்பு போன இடத்தில் நாக்கு வந்து அமர்ந்துகொள்வதை நாம் காணாமலில்லை. கையில் தடிப்பிருந்தால் பெற்றோர் கேட்பர், தலைமையாசிரியரும் விசாரிப்பார். தந்தையின் தொழிலைச் சுட்டி வகுப்பையே சிரிக்கவைத்த ஒரு சொல்லை, எட்டு வயதுப் பிள்ளை வீட்டில் வந்து எப்படிச் சொல்லும்?