தொடங்குவது யார்?

பெங்களூரில் எங்கள் ஊரின் பெயரில் ஒரு சாலை இருக்கிறது, ஓசூர் ரோடு. அதன் மேல்தான் நிம்ஹான்ஸ் மருத்துவமனை. அத்திப்பள்ளி எல்லையைத் தாண்டிப் போனால் வந்துவிடும். ஓசூர், சூளகிரி, தேன்கனிக்கோட்டைப் பக்கத்து வீடுகளில் "பெங்களூரு போயிட்டு வந்தோம்" என்று யாராவது குரலைத் தாழ்த்திச் சொன்னால், எந்த ஆஸ்பத்திரி என்று யாரும் கேட்பதில்லை. தலைவலிக்கும் வலிப்புக்கும் மனநோய்க்கும் பரம்பரை நரம்பு நோய்க்கும் அங்கே ஒரே நுழைவாயில்தான். ஊர் பேச்சில் எல்லாமே 'மூளைக் கோளாறு'.

நான் எழுத வந்தது அந்தப் பரம்பரை நோய்களில் ஒன்றைப் பற்றி. 1872இல் ஜார்ஜ் ஹன்டிங்டன் என்ற இளம் அமெரிக்க மருத்துவர் விவரித்ததால் அவர் பெயரே அதற்கு ஒட்டிக்கொண்டது. பெற்றோரில் ஒருவருக்கு இருந்தால் ஒவ்வொரு பிள்ளைக்கும் வர ஐம்பது சதவீத வாய்ப்பு. பெரும்பாலும் முப்பதுக்கும் ஐம்பதுக்கும் இடையில் தொடங்கும். கைகால்கள் தன் விருப்பமின்றி ஆடும், நடை தடுமாறும், குடித்திருக்கிறார் என்று தெரு நினைக்கும். ஆட்டம் எல்லோர் கண்ணிலும் படும். அதற்கு முன்பே பல வீடுகளில் நுழைந்துவிடுகிற இன்னொன்று யார் கண்ணிலும் படுவதில்லை. அந்த மனிதர் எதையும் தொடங்குவதை நிறுத்திவிடுகிறார். மருத்துவர்கள் இதை அபதி என்கிறார்கள். தமிழில் முனைப்பின்மை என்று சொல்லிப் பார்க்கிறேன்.

முதுகலை படிக்கும் ஒரு பெண் என்னிடம் தன் அப்பாவைப் பற்றிப் பேசினாள் (அடையாளங்களை மாற்றியே எழுதுகிறேன்). அப்பா வாகன உதிரிபாகக் கம்பெனி ஒன்றில் சூப்பர்வைசர். முதலில் லீவு போட்டார். பிறகு லீவு போடக்கூட இல்லை, போகவே இல்லை. அம்மா வேறொரு கம்பெனியில் ஷிப்டு வேலைக்குச் சேர்ந்தார். அதிகாலை கம்பெனி பஸ் பிடிக்குமுன் சமைத்து, போட்டு மூடி வைத்துவிட்டுப் போனால், மாலையில் சோறு அப்படியே இருக்கும். "பசிக்கலையா?" என்றால் "பசிச்சுது" என்பாராம். "சொன்னா செய்வாரு மேடம். சாப்பிடுங்கன்னா சாப்பிடுவாரு, குளிங்கன்னா குளிப்பாரு. சொல்லலைன்னா அப்படியே இருப்பாரு." மாமியார் வீட்டில் காரணம் கண்டுபிடித்துவிட்டார்கள்: பொண்டாட்டி சம்பாதிக்கப் போனதால் ஆம்பளை சோம்பேறியாகிவிட்டான். ஐந்தாறு வருடம் இந்த விளக்கம் ஓடியது. விரல்கள் ஆடத் தொடங்கிய பிறகுதான் ஓசூர் ரோட்டுக்குப் போனார்கள்.

மூளையில் நடப்பது சோம்பல் இல்லை. மூளையின் ஆழத்தில் ஸ்ட்ரியேட்டம் என்ற பகுதி இருக்கிறது. இந்த நோய் முதலில் அரிப்பது அதைத்தான். முன்மூளையில் எழுகிற நோக்கம் இந்தப் பகுதி வழியாகச் சுற்றிவந்தால்தான் செயலாகிறது. இடையே ஓடுவது வெண்பொருள் எனப்படும் நரம்புக் கம்பிவடங்கள். எம்.ஆர்.ஐ. ஸ்கேனில் இந்த இணைப்புகளைத் தடம்பிடித்துப் பார்க்கும் ஆய்வாளர்கள், ஆட்டம் தொடங்குவதற்குப் பல ஆண்டுகள் முன்பே அவை நலிவதைக் கண்டிருக்கிறார்கள். மனச்சோர்விலிருந்து முனைப்பின்மையைப் பிரித்தும் காட்டியிருக்கிறார்கள். மனச்சோர்வு வரும், போகும். முனைப்பின்மை நோயோடு சேர்ந்து வளரும். சோர்வில் இருப்பவர் வருந்துவார், இவர் வருந்துவதில்லை. கேட்டால் "நல்லாத்தான் இருக்கேன்" என்பார். பொய் சொல்லவில்லை. அதனாலேயே மருத்துவர் நோயாளியின் பதிலோடு நிறுத்தாமல் கூட வந்தவரையும் கேட்கிறார். அந்தக் கூட வந்தவர் பெரும்பாலும் ஒரு பெண்.

ஒருவரின் மூளையில் இருக்கும் அறிகுறி, ஆனால் வலிப்பது இன்னொருவர் உடம்பில். அப்படியென்றால் நோயாளி யார்?

செயலில் கடினமானது செய்வதல்ல, தொடங்குவது. அரிசி தீரப்போகிறது என்று கவனிப்பது, கேஸ் பதிவு செய்ய வேண்டும் என்று நினைவில் எழுவது, நாளை ஃபீஸ் கட்டக் கடைசி நாள் என்று தூக்கத்தில் விழிப்பது. அந்த மாணவியின் அம்மா தன் கணவரின் ஸ்ட்ரியேட்டமாக வேலை பார்க்கிறார். அவருக்குள் அறுந்த இணைப்பை வெளியிலிருந்து தன் குரலால் கட்டுகிறார்: எந்திரிங்க, பல் விளக்குங்க, மாத்திரை போடுங்க. இதை அவள் சொன்னபோது எனக்கு உறைத்தது வேறு. எந்த நோயும் இல்லாத எத்தனை வீடுகளில் இதே குரல் கேட்கிறது! "சொன்னா செய்வாரு" என்பது நம் ஊரில் நல்ல கணவனுக்குக் கொடுக்கும் சான்றிதழ் அல்லவா. தொடங்கும் பொறுப்பு ஏற்கெனவே மனைவியிடம் இருக்கும் வீட்டில், ஓர் ஆணின் முனைப்பு செத்துக்கொண்டிருப்பது எப்படித் தெரியும்? வேலைக்குப் போவது நின்றால்தான் தெரியும். வீட்டுக்குள் அவரிடம் எதிர்பார்க்கப்பட்டது ஏதுமில்லை. எனவே குறைந்ததும் ஏதுமில்லை.

இதே நோய் அந்த அம்மாவுக்கு வந்திருந்தால் ஒரே நாளில் தெரிந்திருக்கும். அடுப்பு எரியாத முதல் காலையிலேயே. ஆனால் நோயாகத் தெரிந்திருக்காது. திமிராக, பொறுப்பின்மையாக, வளர்ப்பின் குறையாகத் தெரிந்திருக்கும். "கூட்டிட்டுப் போங்க" என்று தாய்வீட்டுக்கு ஆள் போயிருக்கும். ஆணின் நோய் கவனிக்கப்படாமல் போகிறது. பெண்ணின் நோயோ கவனிக்கப்பட்டும் குற்றமாகப் படிக்கப்படுகிறது.

இது நம் ஊர்க்கதை மட்டும் இல்லை. லியோனோர் வெக்ஸ்லர் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் விலங்கியலில் முதுகலை முடித்தவர். தந்தையும் சகோதரர்களும் இந்நோயால் இறந்தார்கள். அது ஆண்களுக்கு மட்டுமே வரும் என்று ஒரு நம்பிக்கை அவருக்குச் சொல்லப்பட்டிருந்தது. 1968இல் லாஸ் ஏஞ்சலஸ் தெருவைக் கடக்கும்போது, குடித்திருக்கிறீர்களா என்று ஒரு காவலர் கேட்டார். அந்த ஆண்டே நோய் உறுதியானது. அவருடைய மகள் ஆலிஸ் வெக்ஸ்லர், வரலாற்றாசிரியர், 1995இல் வெளியிட்ட 'மேப்பிங் ஃபேட்' என்ற நூலில் அம்மாவின் ஒதுங்கிய, மௌனமான வருடங்களை எழுதுகிறார். வாசிக்கும்போது என்னை விடாத கேள்வி: ஆய்வுக்கூடத்தை விட்டுக் குடும்பத்தலைவியாக மட்டும் வாழ்ந்த அந்தப் பெண் ஒதுங்கியது நோயாலா, மணவாழ்க்கையாலா? எந்த ஸ்கேனும் அதைப் பிரித்துச் சொல்லிவிட முடியாது என்று நினைக்கிறேன்.

இன்னொரு மகள் நான்சி. வெனிசுவேலாவின் மரகைபோ ஏரிக்கரையில், இந்நோய் செறிந்த குடும்பங்களிடையே ஆண்டுக்கணக்கில் ரத்த மாதிரிகள் சேகரித்தவர். அவற்றின் உதவியோடு 1983இல் மரபணு நான்காம் குரோமோசோமில் இருப்பது தெரிந்தது. 1993இல் மரபணுவே கிடைத்தது. அதில் சி.ஏ.ஜி. என்ற மூன்றெழுத்துச் சொல் திரும்பத் திரும்ப வருகிறது. நாற்பது முறையோ அதற்கு மேலோ வந்தால் நோய் வந்தே தீரும். இந்தத் திரும்பல் பெரிதாக நீள்வது தந்தை வழியாகக் கடக்கும்போதுதான் அதிகம். இருபது வயதுக்குள் வரும் கொடிய வடிவம் பெரும்பாலும் அப்பாவிடமிருந்து வருகிறது. சொந்தத்தில் கட்டியதால் வந்தது என்பது எங்கள் பக்கத்து விளக்கம். மாமன் மகளையும் அக்கா மகளையும் கட்டுகிற ஊர் அல்லவா. வேறு பல நோய்களுக்கு அது பொருந்தும். இதற்குப் பழுதான ஒரே பிரதி போதும், முறைப்பெண் தேவையில்லை. ஆனாலும் "பொண்ணு எடுத்த இடம் சரியில்லை" என்ற வாக்கியம்போல "மாப்பிள்ளை எடுத்த இடம் சரியில்லை" என்பது நம் வாயில் எளிதாக வருவதில்லை.

திருக்குறள் வகுப்பில் ஊக்கமுடைமை, மடியின்மை, ஆள்வினையுடைமை என்ற மூன்று அதிகாரங்களையும் வரிசையாக நடத்துவேன். மடி என்றால் சோம்பல். மடியால் குடி கெடும் என்பது வள்ளுவரின் வாதம். இந்நோயில் வரிசை தலைகீழ்: குடிவழியாகவே மடி இறங்குகிறது. வள்ளுவரைக் குறை சொல்லவில்லை. அவர் பேசுவது அரசனிடம், விரும்பினால் எழுந்திருக்கக்கூடிய ஒருவனிடம். விரும்புவதே ஓர் இணைப்பில் தொங்குகிறது என்றால் அறநூல் யாரைப் பார்த்துப் பேசும்? ஊக்கம் ஒரு குணம் என்று எண்ணித்தான் நாம் புகழ்கிறோம், இகழ்கிறோம். அது எவ்வளவு தூரம் உடம்பு தந்த கொடை என்று யாரும் தன்னைப் பற்றி யோசிப்பதில்லை. காலையில் நான் எழுந்து இந்தக் கட்டுரைக்கு உட்கார்ந்ததில் என் ஒழுக்கம் எவ்வளவு, என் வெண்பொருள் எவ்வளவு?

இங்கே ஒரு வலை இருக்கிறது. "அவர் மேல் தப்பில்லை, நோய்தான்" என்று தெரிந்தவுடன் மனைவியின் கோபத்துக்கு இடமில்லாமல் போகிறது. முன்பு அவள் கணவனைக் கெடுத்தவள். இப்போது பொறுமை காக்க வேண்டியவள். இரண்டு விளக்கங்களிலும் சமைப்பது அவளே. குற்றவாளி இருந்தால்தான் கோபப்படலாம் என்று நான் நினைக்கவில்லை. மழை பொய்த்தால் விவசாயி வானத்தைத் திட்டுகிறார். யாரும் அவருக்கு வானிலை பாடம் எடுப்பதில்லை. அவர் மேல் பழி போடாமலும் அவள் களைத்துப்போகலாம், கத்தலாம், "இன்னைக்கு நான் சொல்ல மாட்டேன், உங்க தம்பி வந்து சொல்லட்டும்" என்று பஸ் ஏறலாம். முனைப்பை மீட்டுத் தரும் மருந்து இன்று இல்லை. ஒழுங்கான நேர அட்டவணையும் நினைவூட்டும் ஒரு குரலும்தான் சிகிச்சை. அந்தக் குரல் மனைவியுடையதாகத்தான் இருக்க வேண்டும் என்று எந்த மருத்துவ நூலிலும் இல்லை.

மாணவியின் கேள்வி வேறாக இருந்தது. பரிசோதனை செய்துகொள்ளவா என்று கேட்டாள். கேட்கும்போதே அத்தை வீட்டிலும் மாப்பிள்ளை வீட்டிலும் யாருக்குச் சொல்ல வேண்டியிருக்கும் என்று எண்ணத் தொடங்கியிருந்தாள். தெரிந்துகொள்ளும் உரிமைபோலவே தெரியாமல் இருக்கும் உரிமையும் உண்டு, யாரும் உன்னை வற்புறுத்தக் கூடாது, ஆலோசனை பெறாமல் செய்யாதே என்றேன். மரபணுவைத் தேடி அலைந்த நான்சியே தனக்குச் சோதனை வேண்டாம் என்று பல காலம் இருந்ததையும், 2020இல் தனக்கு நோய் இருப்பதை வெளியே சொன்னதையும் சொன்னேன். அவள் கொஞ்ச நேரம் யோசித்தாள். "தம்பிகிட்ட யாரும் இதைக் கேட்கலை மேடம்," என்றாள். "அவனுக்கும் அதே பாதிதானே?"