பார்க்கத் தகுதியான ஊர்

1964 டிசம்பர் 22 இரவு அடித்த புயலுக்குப் பிறகு, தனுஷ்கோடி மனிதர் வாழத் தகுதியற்ற இடம் என்று அரசு அறிவித்தது. 2017 ஜூலையில் முகுந்தராயர் சத்திரத்திலிருந்து அரிச்சல்முனை வரை, அதே மணலின் மேல், ஒன்பதரை கிலோமீட்டர் தார்ச்சாலையைப் பிரதமர் திறந்து வைத்தார். வாழத் தகுதியில்லாத ஊர் பார்க்கத் தகுதியுள்ள ஊராக 53 ஆண்டுகள் பிடித்தன. அந்தப் பழைய அறிவிப்பை யாரும் திரும்பப் பெற்றதாகக் கேள்விப்படவில்லை. அறிவிப்பும் சாலையும் ஒன்றையொன்று தொந்தரவு செய்யாமல் இருந்துகொண்டிருக்கின்றன.

ராமேஸ்வரம் ஆட்டோக்காரர்களிடம் ஒரு பட்டியல் உண்டு. ராமர் பாதம், மிதக்கும் கல், கலாம் வீடு, கோதண்டராமர் கோயில், தனுஷ்கோடி. அரை நாளில் முடித்துவிடலாம் என்பார்கள், முடித்தும் விடுவார்கள். மிதக்கும் கல்லைத் தொட்டிக்குள் விரலால் அழுத்திப் பார்க்காதவர் கிடையாது. கல் உள்ளே போய் மறுபடி மேலே வரும். அழுத்தியவர் முகத்தில் ஒரு திருப்தி. பெரிய கோயிலில் 22 தீர்த்தமாடிய ஈரம் காய்வதற்குள் மூன்றாம் பிராகாரத்தைக் கடந்துவிடுகிறார்கள். உள்ளே செல்பேசிக்குத் தடை. ஆயிரத்துக்கு மேற்பட்ட தூண்களையும் கண்ணால் மட்டுமே பார்த்தாக வேண்டும் என்னும்போது பலருக்கு அது சீக்கிரமே முடிந்துபோகிறது.

தனுஷ்கோடியில் அந்தத் தடை இல்லை. வேன் கதவு திறந்ததும் எல்லோரும் மாதா கோயிலை நோக்கித்தான் போகிறார்கள். கூரை கிடையாது, சுவர்கள் நிற்கின்றன. வாசல் வளைவு வானத்துக்குச் சட்டம் போட்டதுபோல் இருப்பதால் புதுமணத் தம்பதிகள் அங்கே வரிசையில் காத்திருந்து நிற்கிறார்கள். சுவர் அருகே போய்ப் பார்த்தால் அது செங்கல் இல்லை, பவளக்கல் என்பது தெரியும். ஒவ்வொரு கல்லிலும் சிறு சிறு அறைகள், வரிவரியான மடிப்புகள். கடலில் உயிரோடிருந்த ஒன்றை வெட்டி எடுத்துக் கட்டிய சுவரைக் கடலே வந்து பிய்த்துக்கொண்டு போயிருக்கிறது. அந்த மடிப்புகளில் இப்போது காதலர் பெயர்கள் ஆணியால் கீறப்பட்டிருக்கின்றன.

வேன்காரர்கள் சொல்லும் கதையில் புயல் வரும், ரயில் வரும், பேய் வரும். ரயில் உண்மை. பாம்பனிலிருந்து கிளம்பிய பாசஞ்சர் வண்டி, ஊர் எல்லையை நெருங்கும்போது அலையில் போய்விட்டது. நூறுக்கு மேற்பட்டோர் அதோடு போனார்கள். ஊரில் மொத்தம் எத்தனை பேர் என்ற எண்ணிக்கை ஆளுக்கு ஆள், புத்தகத்துக்குப் புத்தகம் மாறும். பேயைக் காட்டும்படி யாரும் இதுவரை கேட்டதில்லை. ஆனால் அதைச் சொல்லாவிட்டால் கூட்டத்துக்கு ஏதோ குறைகிறது.

கதையில் வராதது, அங்கே இருந்த ஊர். 1914-இல் பாம்பன் பாலம் திறந்தபிறகு தனுஷ்கோடி ஒரு முனை இல்லை, நடுவழி. எழும்பூரில் போட் மெயில் ஏறியவர் இங்கே இறங்கி, கப்பல் மாறி, தலைமன்னாரில் மறுபடி ரயிலேறிக் கொழும்பு போவார். சென்னையிலிருந்து கொழும்புவரை ஒரே டிக்கெட். சுங்கம், தபால், ரயில்வே குடியிருப்பு, பள்ளி எல்லாம் இருந்த துறைமுகம். கொழும்புக்குச் சினிமாப் பெட்டி போனதும் கருவாடு போனதும் இதே வழிதான். தேயிலைத் தோட்டங்களுக்குப் போன கூலி ஜனங்களும் இவ்வழியே போனார்கள்; அவர்களை மட்டும் முதலில் மண்டபத்தில் முகாமில் வைத்து, நோய் உண்டா என்று பார்த்து, பிறகு அனுப்பினார்கள். முதல் வகுப்புப் பயணிக்கு நோய் வராது என்பது அக்காலத்து மருத்துவ நம்பிக்கை போலும்.

அதற்கும் முன்பு இங்கே வந்தவர்கள் சேது யாத்திரிகர்கள். பார்க்க வந்தவர்கள் என்று அவர்களைச் சொல்ல முடியாது. செய்ய வேண்டிய காரியம் ஒன்றோடு வந்தவர்கள். சேதுவில் முழுகி, மணல் எடுத்துக் காசிக்குக் கொண்டுபோய்க் கங்கையில் கரைத்து, கங்கை நீரோடு ராமேஸ்வரம் திரும்ப வேண்டும். அவர்களுக்குச் சோறும் படுக்க இடமும் கொடுக்கச் சத்திரங்கள் இருந்தன. சேதுவைக் காப்பது தங்கள் பொறுப்பு என்று சேதுபதி மன்னர்கள் பட்டப்பெயரிலேயே எழுதி வைத்துக்கொண்டார்கள். மூன்றாம் சத்திரம், முகுந்தராயர் சத்திரம் என்று பெயர்கள் மிஞ்சியிருக்கின்றன. வண்டி நிறுத்தக் கட்டணம் பிற்கால ஏற்பாடு.

இடிந்த ஊரைப் பார்க்கப் போவது நமக்கு மட்டும் உரிய பழக்கமில்லை. ஸ்பெயினில் சரகோசாவுக்குப் பக்கத்தில் பெல்சீதே என்று ஓர் ஊர். 1937-இல் உள்நாட்டுப் போரில் தரைமட்டமானது. வென்ற பிராங்கோ, இடிபாட்டை அப்படியே விடச் சொன்னார். எதிரி செய்த கொடுமைக்கு அது நிரந்தரச் சாட்சியாக நிற்க வேண்டும் என்பது ஏற்பாடு. பக்கத்திலேயே புது ஊர் கட்டி 1954-இல் திறந்தார்கள். அப்படியும் பழைய ஊரில் 1960கள் வரை ஆட்கள் குடியிருந்தார்கள். இப்போது வேலிபோட்டு, டிக்கெட் கொடுத்து, வழிகாட்டியோடு அழைத்துப் போகிறார்கள். அங்கும் ஒரு கோயில் சுவர்தான் அதிகம் படம் பிடிக்கப்படுகிறது. பெல்சீதேயின் இடிபாட்டில் ஒருவருடைய முடிவு இருந்தது, அந்த முடிவைப் பிடிக்காதவர்கள் எதிர்த்துப் பேச ஓர் ஆள் இருந்தார். தனுஷ்கோடியை இடிபாடாகவே விட வேண்டும் என்று யாரும் முடிவெடுக்கவில்லை. யாரும் எந்த முடிவும் எடுக்காமலே அது நடந்தது.

முடிவெடுத்தால் எவ்வளவு சீக்கிரம் நடக்கும் என்பதற்கும் இங்கேயே சாட்சி உண்டு. அதே புயலில் சிதைந்த பாம்பன் ரயில் பாலத்தை ஈ. ஸ்ரீதரன் தலைமையில் 46 நாளில் சீர்செய்தார்கள். ராமேஸ்வரம்வரை ரயில் திரும்ப வந்தது. அதற்கப்பால் வரவில்லை. தனுஷ்கோடி ரயில் பாதைக்கு 2019-இல் அடிக்கல் நாட்டினார்கள். அடுத்து 2025 ஏப்ரலில் புதுப் பாம்பன் பாலமே வந்துவிட்டது. அதன் ஒரு கண் லிஃப்ட் மாதிரி நேராக மேலே எழும்புவதைச் சாலைப் பாலத்தில் வண்டியை நிறுத்திப் பார்க்கிறார்கள். அடிக்கல்லுக்காக வண்டியை நிறுத்துபவர் இல்லை.

இதற்கிடையில் தனுஷ்கோடியில் ஆட்கள் குடியிருக்கிறார்கள் என்பது ஒரு சங்கடமான செய்தி. ஓலைக் குடிசைகள், சூரியத் தகடுகள், ஓர் அரசுப் பள்ளி. கரைவலை இழுப்பவர்கள், சங்கும் சிப்பியும் கோத்து விற்பவர்கள், மீன் பொரித்துக் கொடுப்பவர்கள். சாலைக்கு முன்பு, மணலிலும் தண்ணீரிலும் வேனை ஓட்டி ஆட்களைக் கொண்டுவந்தவர்களுக்கு அது ஒரு பிழைப்பு. தார் வந்ததும் அது போயிற்று, பொரித்த மீன் கடை வந்தது. வெளியூர்க்காரர் இவர்களிடம் கேட்கும் கேள்வி பெரும்பாலும், 'இங்கயா இருக்கீங்க?' என்பதே. ஒரு பெண் அதற்குச் சட்டியிலிருந்து கண்ணெடுக்காமல், 'பின்ன மீன் என்ன ராமேஸ்வரத்துல இருந்தாண்ணே வருது?' என்றார்.

தண்ணீர் எடுப்பதைக் கொஞ்ச நேரம் நின்று பார்க்கலாம். கடலிலிருந்து கூப்பிடு தூரத்தில் மணலை இடுப்பளவுக்குத் தோண்டி வைத்திருக்கிறார்கள். அடியில் மெல்ல ஊறுகிறது. கிண்ணத்தை அமிழ்த்தாமல், மேலாக, படுக்கவைத்து மொள்ள வேண்டும். மழைத் தண்ணீர் எடை குறைந்தது என்பதால் மணலுக்குள் உப்புத் தண்ணீரின் தலைமேல் மிதந்து நிற்கிறது. ஆழமாகக் கலக்கினால் உப்பு மேலே வந்துவிடும். ஒரு குடம் நிறையப் பொறுமை வேண்டும். இரு பக்கமும் கடல் உள்ள இந்த நாக்கில் வாழ முடியும் என்பதற்கு இதைவிட வேறு சான்றிதழ் அவர்களிடம் இல்லை. பட்டியலில் இது கிடையாது; வேனை நிறுத்தச் சொன்னால் ஓட்டுநர், 'அதுல என்ன சார் இருக்கு' என்பார்.

2025 ஜூனில் இந்தப் பகுதியில் 500 ஹெக்டேருக்கு மேற்பட்ட பரப்பைப் பெரும் பூநாரைச் சரணாலயமாக அரசு அறிவித்தது. நல்ல காரியம், தாமதமான காரியமும்கூட. பூநாரைகள் சேற்று நீரில் தலைகீழாக அலகை வைத்து இரை வடிகட்டுவதை அவசரம் இல்லாதவர்கள் பார்க்கிறார்கள். தனுஷ்கோடி வாழத் தகுதியான இடம் என்று 60 ஆண்டுகளுக்குப் பிறகு அரசாணை ஒன்று ஒப்புக்கொண்டிருக்கிறது. யாருக்கு என்பதுதான் வேறு.

சாலை முடியும் இடம் அரிச்சல்முனை. அலையடங்கிய பெண் கடல் ஒரு பக்கம், முரட்டு ஆண் கடல் மறுபக்கம், நடுவில் சிங்கத் தூண். செல்பேசியில் இலங்கை சிக்னல் வந்துவிட்டதாக யாராவது கத்துவார்கள். தலைமன்னார் 30 கிலோமீட்டர்கூட இல்லை என்று ஒருவர் சொல்ல, மற்றவர்கள் கண்ணைச் சுருக்கிப் பார்ப்பார்கள். மாலையானால் போலீஸ் வந்து வண்டிகளைத் திருப்பி அனுப்பிவிடும்.

இதே முனையருகே, 2022 மார்ச்சில், இலங்கையில் அரிசியும் பால்மாவும் வாங்க முடியாமல் படகேறிய தமிழர்களைப் படகோட்டிகள் மணல் திட்டு ஒன்றில் இறக்கிவிட்டுத் திரும்பிப் போனார்கள். கைக்குழந்தைகளோடு வெயிலில் காத்திருந்தவர்களைக் கடலோரக் காவல்படை ஹோவர்கிராஃப்டில் கொண்டுவந்தது. விசாரித்து, மண்டபம் முகாமுக்கு அனுப்பினார்கள். ஒரு காலத்தில் தோட்டத்துக்குப் போகிறவர்களை நிறுத்திவைத்த அதே மண்டபம். 1964 அக்டோபரில் இலங்கை, இந்தியப் பிரதமர்களான ஸ்ரீமாவோவும் சாஸ்திரியும் கையெழுத்திட்ட ஒப்பந்தத்தின்படி திரும்ப அனுப்பப்பட்ட தோட்டத் தமிழர்களும், 1983 கலவரத்துக்குப் பிறகு உயிர் தப்பி வந்தவர்களும் அங்கேதான் வந்து இறங்கினார்கள். பாம்பன் பாலத்துக்கு முன்னால், பெரிய சாலை ஓரமாகவே இருக்கிறது. 'மண்டபம் கேம்ப்' என்று ரயில் நிலையமே உண்டு. ராமேஸ்வரம் போகும் எல்லாச் சுற்றுலா வண்டியும் அதைக் கடந்துதான் போக வேண்டும். வெளியாள் உள்ளே போக அனுமதி வாங்க வேண்டும் என்பதால், ஆட்டோக்காரர்களின் பட்டியலில் அது சேரவில்லை.