ஜன்னலுக்கு வெளியே யாரை நிறுத்துவது?



நம்ம குரூப்ல ரெண்டு மாசமா ஓடிக்கிட்டு இருக்கிற பேச்சு உங்களுக்குத் தெரியும். மதுரையில் ஒரு ஆஸ்பத்திரி தோட்டத்துக்கு முருகன் சிலை எடுத்துக் கொடுப்பது என்று முடிவு செய்து, பணமும் சேர்த்துவிட்டோம். இப்போது நானே "கொஞ்சம் பொறுங்க" என்றதும் பலருக்குக் கோபம். "நேர்ந்துக்கிட்டதே நீங்கதானே அண்ணே" என்று ஒரு தம்பி கேட்டான். ஆமாம், நேர்ந்துகொண்டவன் நான்தான். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

போன வருஷம் அப்பாவை அங்கே 19 நாள் சேர்த்திருந்தோம். சுகரால் காலில் புண், கடைசியில் இரண்டு விரல்களை எடுத்தார்கள். அவர் கட்டில் ஜன்னலோரம். வெளியே ஒரு வேப்பமரம், இரண்டு சிமெண்ட் பெஞ்ச், நடுவில் ஒரு இரும்புச் சிற்பம். யாரோ நன்கொடையாகக் கொடுத்தது, பெயர்ப்பலகையோடு. வளைந்த கம்பிகள், நவீன பாணி. பகலில் நான் அதைக் கவனித்ததே இல்லை. ராத்திரி தோட்டத்து லைட் எரிந்ததும் அப்பா கேட்டார்: "அந்தாளு ஏன்டா கழுத்து ஒடிஞ்ச மாதிரி நிக்கிறான்?" மூணாம் நாள் ஸ்கிரீனை இழுத்து மூடச் சொல்லிவிட்டார். வேப்பமரமும் சேர்ந்து மறைந்துபோனது. அன்றைக்குத்தான் வேண்டிக்கொண்டேன்: அப்பா நடந்து வீட்டுக்கு வரட்டும், அந்த இடத்தில் உன்னை நிறுத்துகிறேன் முருகா.

அப்பா நடந்து வந்துவிட்டார். கொஞ்சம் சாய்ந்து நடக்கிறார், ஆனா நடக்கிறார்.

பிறகு இதைப் பற்றித் தேடிப் படித்தபோது, அப்பாவுக்கு வந்தது தனி நோய் இல்லை என்று புரிந்தது. அமெரிக்காவில் ரோஜர் உல்ரிச் என்ற ஆய்வாளர் பித்தப்பை ஆபரேஷன் முடிந்த 46 பேரின் பதிவேடுகளைப் பார்த்தார். பாதிப்பேருக்கு ஜன்னலில் மரம் தெரிந்தது, மீதிப்பேருக்குச் செங்கல் சுவர். மரம் பார்த்தவர்கள் சீக்கிரம் வீடு திரும்பினார்கள், வீரியமான வலி மாத்திரையும் குறைவாகத்தான் கேட்டிருக்கிறார்கள். 1984-ல் வந்த ஆய்வு இது. அதே நாட்டில் டியூக் பல்கலைக்கழக மருத்துவமனையில் 'பறவைத் தோட்டம்' என்று உலோகச் சிற்பங்களை வைத்தார்கள். கேன்சர் நோயாளிகள் ஜன்னல் வழியாக அதைப் பார்த்துப் பயந்ததால் எடுக்க வேண்டியதாயிற்று. செய்தவர் மனதில் இருந்தது பறவை. படுத்துக் கிடந்தவர்களில் பலர் பார்த்தது வேறு எதையோ.

"அதான் ப்ரோ, முருகனை வச்சா யாரு பயப்படப் போறா?" இதுதான் நம்ம பதில். எனக்கும் இதுவே பதிலாக இருந்தது, பக்கத்துக் கட்டில் பாய் ஞாபகம் வரும் வரை. அப்பாவுக்கு முதல் முதலாக நடைப்பயிற்சிக்குக் கை கொடுத்தவர் அவர். என் தைலத்தைக் கேட்டு வாங்கிக்கொள்வார், அவர் வீட்டுக் கஞ்சியில் பாதி எங்களுக்கு வரும். அவர் என் முருகனைப் பார்த்துப் பயப்பட மாட்டார். ஆனால் 24 மணி நேரமும் அவர் கண்ணுக்கு எதிரே என் சாமியை நிறுத்திவிட்டு, திரும்பிப் படுக்கக்கூட முடியாத மனுஷனிடம் "இது உங்களுக்கும்தான் பாய்" என்று சொல்ல எனக்கு என்ன உரிமை? கோயிலில் பிடிக்கவில்லை என்றால் வெளியே வந்துவிடலாம். கட்டிலில் கிடப்பவர் எங்கே போவார்?

அதுக்காக சிலையே வேண்டாம், பணத்தை மருந்துக்குக் கொடுப்போம் என்கிறவர்களோடும் என்னால் முழுசா சேர முடியவில்லை. காஞ்சிபுரம் பக்கம் திருமுக்கூடல் கோயிலில் வீரராஜேந்திர சோழன் காலத்துக் கல்வெட்டு இருக்கிறது, 11-ஆம் நூற்றாண்டு. கோயில் செலவில் 15 படுக்கைகளோடு ஒரு ஆதுலர் சாலை, வைத்தியர், அறுவை செய்பவர், நோயாளியைக் கவனிக்கும் பெண்கள், எல்லாருக்கும் சம்பளம். (1976-ல் டாக்டர் வெங்கடசாமி நம்ம மதுரையில் அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கியபோது 11 படுக்கைதான்.) சாமியும் மருந்தும் ஒரே கணக்குப் புத்தகத்தில் இருந்திருக்கின்றன. ஒன்றைக் கொடுத்தால் இன்னொன்று குறையும் என்று அவர்கள் நினைக்கவில்லை.

அதோடு, ஆஸ்பத்திரியில் சாமி என்ன வேலை செய்கிறார் என்பதை ஒரு நாள் கண்ணால் பார்த்தேன். கேட் பக்கம் ஒரு சின்னப் பிள்ளையார். விடியக்காலை டீ வாங்கப் போகும்போது ஒரு அம்மா அவர் முன்னால் நின்று திட்டிக்கொண்டிருந்தார். கும்பிடவில்லை. "கண்ணிருக்கா உனக்கு? புள்ளைய இப்படிப் பண்ணிட்டியே" என்று சத்தம் போட்டு. டாக்டரை அப்படித் திட்ட முடியாது, நர்ஸைத் திட்ட முடியாது. வாங்கிக்கொள்ள ஒருத்தர் வேண்டியிருக்கிறது. அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையில் 1896-லிருந்து பத்தரை அடி பளிங்கு இயேசு நிற்கிறார். எல்லா மதத்துக்காரர்களும் போகிற போக்கில் அவர் காலைத் தொட்டுவிட்டுப் போகிறார்கள், கடிதம் எழுதி வைக்கிறார்கள். அவர் நிற்பது நுழைவு மண்டபத்தில். வேண்டியவர்கள் கிட்டே போகலாம், வேண்டாதவர்கள் கடந்து போகலாம். யார் கட்டிலையும் அவர் பார்த்துக்கொண்டு நிற்கவில்லை.

நம்ம முருகனும் அப்படித்தானே? போகர் ஒன்பது பாஷாணம் சேர்த்துச் செய்ததாக நம்புகிற பழநி மூர்த்தியின் ராக்காலச் சந்தனம் மருந்து என்று வாங்குகிறோம். மலை ஏறிப் போனால்தான் தரிசனம். திருப்பரங்குன்றத்தில் அவர் மலையின் பாறையிலேயே இருக்கிறார், அபிஷேகம்கூட வேலுக்குத்தான். நாம்தான் குகைக்குள் போக வேண்டும்.

இன்னொரு சிக்கல். தோட்டத்தில் வைக்கிறது சிலையா, சாமியா? பிரதிஷ்டை செய்தால் தினமும் விளக்கு, நைவேத்தியம் யார் பார்ப்பது? செய்யாவிட்டால் மட்டும் சிலையாகவே இருந்துவிடுமா? ஒரு வாரத்தில் யாராவது சந்தனம் பூசுவார்கள். ஒரு மாசத்தில் உண்டியல், ஆறு மாசத்தில் டியூப்லைட், தைப்பூசத்துக்கு ஸ்பீக்கர். ஐசியு பக்கத்தில் ஸ்பீக்கர்! நம்ம ஆளுங்களை எனக்குத் தெரியும், நானும் அதில் ஒருத்தன்.

இதையெல்லாம் யோசித்துத்தான் கல்லில் ஒரு மயில் வைக்கலாம் என்று குரூப்பில் கேட்டேன். நமக்கு அது வாகனம். பாய்க்கு அது அழகர்கோவில் ரோட்டில் பார்க்கிற மயில். பெயர்ப்பலகை வேண்டாம். முருகன் படம் ஒன்று, நிர்வாகம் ஒத்துக்கொண்டால், தேடிப் போகிறவர்களுக்காக கேட் பிள்ளையார் பக்கத்தில். "சாமியை ஒளிச்சு வைக்கிற ஏமாத்து வேலை" என்று ஒருவர் எழுதினார். அதில் கொஞ்சம் உண்மை இருக்கிறது என்றுதான் எனக்கும் படுகிறது. பாயிடமே போன் போட்டு விஷயத்தைச் சொன்னேன். "முருகனோட மயிலா? தெரியும் தம்பி, வைங்க. பார்க்க நல்லா இருக்கட்டும்" என்றார். ஒளித்ததாக நான் நினைத்தது அவருக்கு ஒளியவே இல்லை.

நேர்த்திக்கடன் தீர்ந்ததா என்று கேட்டால், சொன்னது உருவம், கொடுப்பது வாகனம். கணக்கு இடிக்கிறது. போன வெள்ளிக்கிழமை பரங்குன்றம் போய் அதையே சொல்லிவிட்டு வந்தேன். கூட்டம், ஒரு நிமிஷம்கூட நிற்க விடவில்லை.

அப்பாவிடம் மயிலின் வரைபடத்தைக் காட்டினேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ரொம்ப நேரம் பார்த்தார்.

"தோகைய மடக்கியே வைக்கச் சொல்லுடா. விரிச்சா வேப்பமரம் மறைஞ்சிரும்."