காலம் கடந்தால் குற்றம் கரையுமோ?

களவு போன பொருள் எத்தனை ஆண்டுகள் கழிந்தால் கள்வனுக்கு உரிமையாகும்? எந்த ஊரில் கேட்டாலும் ‘ஒருநாளும் ஆகாது’ என்றே விடை வரும். ஆயினும், குறிப்பிட்ட ஆண்டுகள் கழிந்த பின் குற்றத்திற்கு வழக்குத் தொடர இயலாது என்று பல நாடுகளின் சட்டங்கள் விதித்திருக்கின்றன. சட்டம் நீதியை மறந்துவிட்டதா? அவ்வாறு அவசரப்பட்டுக் கூறிவிட நமக்கு மனம் வரவில்லை.

காலம் செல்லச் செல்லச் சாட்சிகள் மறைகின்றனர். எஞ்சியிருப்போரின் நினைவும் மங்குகிறது. ஏடுகள் செல்லரித்துப் போகின்றன. இருபது ஆண்டுகளுக்கு முன் ஒரு மாலைப் பொழுதில் எங்கிருந்தாய் என்று கேட்டால், குற்றமற்றவனும் திகைத்துத்தான் நிற்பான். கால வரம்பு அவனுக்குக் கேடயம்; சோம்பிக் கிடக்கும் அரசுக்கோ அது சாட்டை.

உதுமானியப் பேரரசு 1869 முதல் 1876 வரை தொகுத்து வெளியிட்ட ‘மஜல்லா’ எனும் உரிமையியல் சட்டத் தொகுப்பு, இந்நுட்பத்தைத் தெளிவாகப் பிரித்துக் காட்டிற்று. பல வகை வழக்குகளைப் பதினைந்து ஆண்டுகளுக்குப் பின் கேட்கலாகாது என்றது. ஆனால், காலம் கழிவதால் உரிமை அழிந்துவிடாது என்றும் கூறிற்று. கதவு அடைபடும், கடன் தீராது. மேலும், பொதுப் பாதை, ஆறு, மேய்ச்சல் நிலம் போன்று மக்கள் அனைவரும் பயன்கொள்ளும் இடங்களைப் பற்றிய வழக்குகளுக்குக் கால வரம்பே இல்லை என்றும் அது விதித்தது. பொதுப் பாதையை வளைத்துக் கொண்டவனுக்குக் காலம் துணை நில்லாதெனில், பொதுப் பணத்தை வளைத்துக் கொண்டவனுக்கு மட்டும் அது ஏன் துணை நிற்க வேண்டும்?

பதவி என்பது அமானிதம். ஒரு வீட்டில் களவு போனால், இழந்தவன் மறுநாளே கூக்குரலிடுவான். பொதுப் பணம் களவு போனாலோ, இழந்தவர்களுக்கே இழப்புத் தெரிவதில்லை. கணக்கேடு எவர் கையில் இருக்கிறதோ அவரே களவாடியவர். விசாரிக்க வேண்டியவரும் அவருக்குக் கீழ்ப்பட்டவர். சில வேளைகளில், கால வரம்பை வகுக்கும் அதிகாரமும் அவர் கையிலேயே இருந்துவிடுகிறது.

இத்தாலியின் அனுபவத்தை எண்ணிப் பார்ப்போம். அங்கு வழக்குத் தொடுத்த பின்னும் கால வரம்பின் கடிகாரம் ஓடிக்கொண்டே இருந்தது. மேல்முறையீடுகள் முடியுமுன் காலம் தீர்ந்தால் வழக்கும் தீர்ந்தது. சில்வியோ பெர்லுஸ்கோனி பிரதமராயிருந்த 2005 இல், பல குற்றங்களுக்கு அக்காலத்தைச் சுருக்கும் சட்டம் நிறைவேறிற்று. சாட்சி ஒருவருக்குக் கையூட்டு அளித்ததாக அவர் மீது நடந்த வழக்கு, காலம் கடந்துவிட்டதெனக் கூறி 2012 பிப்ரவரியில் மிலான் நீதிமன்றத்தில் முடித்து வைக்கப்பட்டது. குற்றச்சாட்டை அவர் மறுத்தே வந்தார். அவர் குற்றவாளி என்ற தீர்ப்பும் வரவில்லை. மக்களின் ஐயமும் தீரவில்லை.

பின்னர் 2019 இல் இயற்றப்பட்டு 2020 ஜனவரியில் நடைமுறைக்கு வந்த சட்டம், முதல் நீதிமன்றம் தீர்ப்பளித்ததும் கடிகாரத்தை நிறுத்திற்று. முடிவில்லா வழக்கில் ஒருவர் ஆயுள் முழுதும் குற்றம் சாட்டப்பட்டவராகவே வாழ நேருமே என்று வழக்கறிஞர்கள் எதிர்த்தனர். அக்கவலையும் நியாயமானதே. 2021 இன் திருத்தம், மேல்முறையீடு பொதுவாக இரண்டு ஆண்டுகளுக்குள்ளும், இறுதி நீதிமன்ற விசாரணை ஓராண்டுக்குள்ளும் முடியாவிடில் வழக்கு நில்லாது என விதித்தது. காலத்தை நீட்டுவது மட்டும் நீதியாகிவிடாது. விரைந்து விசாரிக்கும் கடமையும் அரசுக்கு உண்டு.

இன்னொரு சோதனையும் அந்நாட்டிலேயே நிகழ்ந்தது. மதிப்புக் கூட்டு வரி மோசடி வழக்குகள் காலம் கடந்து வீழ்வதைக் கண்ட ஐரோப்பிய ஒன்றியத்தின் நீதிமன்றம், கடும் மோசடிகள் பெருமளவில் தண்டனையின்றிப் போகுமாயின் அவ்வரம்பை ஒதுக்கிவிடுமாறு 2015 இல் பணித்தது. இத்தாலியின் அரசமைப்பு நீதிமன்றம் தயங்கிற்று. செயல் நிகழ்ந்தபோது இருந்த சட்டத்தைப் பின்னர் கடுமையாக்கி, அதே செயலின் மீது ஏவலாமா என்று கேட்டது. 2017 டிசம்பரில் ஐரோப்பிய நீதிமன்றமும் அக்கேள்வியின் நியாயத்தை ஏற்றது. இதனால் மோசடிக்காரர் சிலர் தப்பக்கூடும். எனினும், அடைத்த கதவைத் திறக்கும் உரிமையை இன்று ஓர் அரசுக்கு அளித்தால், நாளை வரும் அரசு அதைத் தன் பகைவர் மீது ஏவாது என்பதற்கு என்ன உறுதி?

ஆகவே நாம் வேண்டுவது இதுவே: மறைத்த குற்றம் வெளிப்படும் நாளிலிருந்தோ, பதவி நீங்கும் நாளிலிருந்தோ கடிகாரம் ஓடட்டும். வரம்பை நீட்டும் சட்டம் இனி நிகழ்வனவற்றுக்கு மட்டும் பொருந்தட்டும். தம் மீது வழக்கிருக்கும் எவரும் அச்சட்டத்தில் கை வைக்காதிருக்கட்டும்.

இவ்வளவு செய்த பின்னும் தப்புவோர் இருப்பர். அவர்கள் நிம்மதியாக உறங்கலாம் என்று எவரும் எண்ண வேண்டா. அவர்களுக்காக அடைபட்டது நீதிமன்றத்தின் கதவு மட்டுமே. மக்களுக்கு அவர்கள் பட்ட கடன் அப்படியே நிற்கிறது.