தாயைக் காட்டச் சொல்லுங்கள்

ஞாயிற்றுக்கிழமை காலை சென்னை பிராட்வேயில் நாய்க்குட்டி வாங்கி வருகிறவரை நிறுத்தி ஒன்று கேட்டுப் பாருங்கள்: இந்தக் குட்டியின் தாய் எங்கே? விழிப்பார். கூடையில் நாலு லேப், அட்டைப்பெட்டியில் இரண்டு பொமரேனியன், விற்கிறவர் கையில் ஒரு பக். நாம் விலை கேட்கிறோம், ஆணா பெட்டையா என்று தூக்கிப் பார்க்கிறோம், "ஒரிஜினல்தானே?" என்று மூன்று தடவை உறுதி செய்துகொள்கிறோம். ஈன்றவள் எந்த மொட்டைமாடித் தகரக் கொட்டகையில் அடுத்த ஈற்றுக்காகக் கட்டிக்கிடக்கிறாள் என்ற கேள்வி மட்டும் எழுவதேயில்லை. ஏன்?

நாய் வளர்க்க ஆசைப்படுவதில் தப்பில்லை. இராயபுரத்துச் சந்து வீட்டுக்கும் திருவொற்றியூர் லைன் வீட்டுக்கும் நாய் எதற்கு என்று கேட்பவரோடு எனக்கு உடன்பாடில்லை. பிள்ளைகளுக்குப் பிரியமான ஓர் உயிர் வீட்டில் இருப்பது பங்களாக்காரர்களின் தனிச்சொத்தா என்ன? கேள்வி வேறு. உங்கள் பிள்ளையின் சந்தோஷத்துக்கு விலை கொடுப்பது யார்?

கூடைக்கு அருகே போய்ப் பார்ப்போம். குட்டி தூங்கிக்கொண்டே இருக்கும். "சாதுவான குட்டி சார், சத்தமே போடாது" என்பார் விற்பவர். எட்டு வாரக் குட்டி விழித்துக்கொண்டால் விரலைக் கடிக்கும், செருப்பைக் கடிக்கும், லுங்கியைப் பிடித்து இழுக்கும். தட்டினாலும் எழாத குட்டி சாது அல்ல, சோர்ந்து கிடக்கிறது. வயிறு பானைபோல் உப்பியிருந்தால் பால் குடித்து நிறைந்தது என்று நினைக்காதீர்கள், குடல்புழுவாக இருக்கலாம். வாலைத் தூக்கிப் பாருங்கள், பின்பக்க முடியில் கழிச்சல் காய்ந்து ஒட்டியிருக்கிறதா? ஈறு வெளுத்திருக்கிறதா? பார்வோ கிருமி உடம்பில் புகுந்து நோயாக வெளிப்பட மூன்று நாளிலிருந்து ஒரு வாரம் வரை ஆகும். ஆகவே ஞாயிற்றுக்கிழமை துள்ளிய குட்டிகூட வியாழக்கிழமை ரத்தமாகக் கழியலாம். அப்புறம் ஆட்டோ பிடித்து வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரிக்கு ஓட வேண்டும். ட்ரிப் ஏற்ற வேண்டும். விற்றவருக்குப் போன் போட்டால் சுவிட்ச் ஆஃப். குட்டி செத்த வீட்டில் பிள்ளை அழும். பெரியவர்கள் என்ன சொல்வார்கள்? "கண்ணு பட்டுடுச்சு." "நமக்கு ராசி இல்ல."

ராசியா? தடுப்பூசி போடாத குட்டியை, பால்குடி மறக்குமுன் பிரித்து, பல வீட்டுக் குட்டிகளோடு ஒரே கூடையில் கலந்து வைத்ததில் ராசிக்கு என்ன வேலை? காரணம் கண்முன் கிடக்கிறது. அதைப் பார்த்தால் பணம் கொடுத்த நமக்கும் அதில் பங்கு வந்துவிடும். ராசி என்று சொல்லிவிட்டால் யாருக்கும் பங்கில்லை.

சட்டம் இல்லாமல் இல்லை. நாய் இனப்பெருக்கத்துக்கும் விற்பனைக்கும் மத்திய அரசு 2017-லேயே விதிகள் கொண்டுவந்தது. பிரீடர் மாநில விலங்குகள் நல வாரியத்தில் பதிவு செய்திருக்க வேண்டும். எட்டு வாரம் நிறையாத குட்டியை விற்கக் கூடாது. 18 மாதம் ஆகாத நாயை இணை சேர்க்கக் கூடாது. பெட்டைக்கு ஆண்டுக்கு ஓர் ஈற்றுதான், ஆயுளுக்கு ஐந்துதான். இவற்றை வைத்துக் கேட்க வேண்டிய கேள்விகளை வெட்கப்படாமல் கேளுங்கள். பதிவுச் சான்று இருக்கிறதா? தடுப்பூசி அட்டையில் மருத்துவர் கையெழுத்தும் மருந்து லேபிளும் எங்கே? தாய்க்கு இது எத்தனாவது ஈற்று? தாயைப் பார்க்கலாமா? "அம்மா ஊர்ல இருக்கு சார்" என்று பதில் வந்தால் அங்கேயே திரும்பிவிடுங்கள். ஆறு வாரக் குட்டி இங்கே, தாய் ஊரிலா?

மீறினால் என்ன தண்டனை? இவ்விதிகளுக்குத் தாய்ச்சட்டம், ருக்மிணி தேவி அருண்டேல் மாநிலங்களவையில் மன்றாடி வழிவகுத்த 1960-ம் ஆண்டு விலங்குவதைத் தடுப்புச் சட்டம். அதன்படி முதல்முறை வதைத்தால் அபராதம் பத்து ரூபாயிலிருந்து ஐம்பது ரூபாய் வரை. இரண்டு டீ, இரண்டு வடை. போலீஸுக்குப் பயந்து ஒருவரும் ஒழுங்காக நடக்கப்போவதில்லை என்பது தெளிவு. மேலே ஒருவர் கணக்கு எழுதுகிறார் என்ற பயமும் இத்தனை காலம் எந்தப் பெட்டை நாயையும் காப்பாற்றியதாகத் தெரியவில்லை. அஷ்டமிக்கு பைரவர் சன்னதியில் விளக்கேற்றி, வாசலில் நாய்க்கு பிஸ்கட் போட்டுவிட்டு, அதே கையால் கூடைக்குட்டிக்கு அட்வான்ஸ் கொடுக்கிற ஊர் இது. ஆக, மிச்சம் இருப்பது வாங்குபவரின் புத்திதான்.

அந்தப் புத்தி எதில் மயங்குகிறது? பரம்பரையில். சாதி நாய், சுத்த ரத்தம், பேப்பர் உள்ள குட்டி. கென்னல் கிளப் சான்றிதழ் குட்டியின் அப்பன் பாட்டனைச் சொல்லும். அதன் இதயம், இடுப்பெலும்பு பற்றிச் சொல்லாது. கல்யாணத்துக்குச் சாதிச் சான்றிதழ் பார்க்காதே என்று மேடையில் முழங்குகிறவர்கூட நாய்க்குட்டி என்றதும் ரத்தசுத்தம் பேசத் தொடங்கிவிடுகிறார். நெருங்கிய ரத்தத்துக்குள்ளேயே இணை சேர்த்துச் சேர்த்துத்தான் அந்தச் 'சுத்தம்' வருகிறது. நம் ராஜபாளையத்தையே பாருங்கள். பால்வெள்ளை உடம்பும் இளஞ்சிவப்பு மூக்கும்தான் அழகு என்று தேர்ந்து பெருக்கினோம். அந்த இனத்தில் செவிட்டுக் குட்டிகள் பிறக்கின்றன. வெள்ளைத் தோல் மோகத்துக்கு நாயையும் பலி கொடுத்தாயிற்று.

பக் கதை இன்னும் மோசம். 2003-ல் ஹட்ச் செல்போன் விளம்பரத்தில் ஒரு பையன் பின்னால் ஓடியது. நாடே அதன் பின்னால் ஓடியது. மூக்கு உள்ளே அமுங்கிய நாய்க்கு மூச்சுவிடுவதே வேலை. எண்ணூரின் மே மாதப் புழுக்கத்தில், அனல்மின் நிலையச் சாம்பல் படிந்த காற்றில், அதன் குறட்டையை வீடியோ எடுத்து ரசிக்கிறோம். 2024-ல் தமிழ்நாடு அரசு வெளியிட்ட நாய் இனப்பெருக்கக் கொள்கை பக், ஹஸ்கி உள்ளிட்ட 11 வெளிநாட்டு இனங்களை இங்கே பெருக்க வேண்டாம் என்றது. எதிர்ப்பு கிளம்பியது. யார் எதிர்த்தார்கள் என்று சொல்ல வேண்டுமா?

சரி, அரசாங்க முத்திரை இருந்தால் நம்பலாமா? சைதாப்பேட்டையில் அரசே நாட்டு நாய்களுக்கு இனப்பெருக்கப் பிரிவு நடத்தியது. ராஜபாளையம், சிப்பிப்பாறை, கோம்பை, கன்னி எல்லாம் அங்கே கிடைத்தன. நாய்களின் நிலை பற்றிய புகார் வழக்காகி, 2016-ல் உயர் நீதிமன்றம் அதை மூடச் சொன்னது. முத்திரை யாருடையதானாலும் கொட்டகையை நம் கண்ணால் பார்க்க வேண்டியதுதான்.

"அப்போ தெருக்குட்டியைத் தூக்கிட்டு வரச் சொல்றீங்களா? ஜி.ஏ. ரோடு மறந்துபோச்சா?" என்பீர்கள். மறக்கவில்லை. 2023 நவம்பரில் இராயபுரம் ஜி.ஏ. ரோட்டில் ஒரே நாய் இருபத்தைந்துக்கும் மேற்பட்டவர்களைக் கடித்தது; ஸ்டான்லி மருத்துவமனை நிறைந்தது; அடித்துக் கொல்லப்பட்ட அந்த நாய்க்கு வெறிநோய் இருந்ததும் உறுதியானது. பயம் நியாயமானது. ஆனால் வெறிநோய்க் கிருமி பேப்பர் கேட்டுவிட்டா உள்ளே நுழைகிறது? ஊசி போட்ட தெருக்குட்டி பாதுகாப்பு. ஊசி போடாத முப்பதாயிரம் ரூபாய் ராட்வைலர் ஆபத்து. அந்த ராட்வைலர் வளர்ந்து, சந்து வீட்டில் அடங்காமல், ஒருநாள் இரவு மாதவரம் பக்கம் இறக்கிவிடப்பட்டால் கடிபடப்போவது யாருடைய பிள்ளை?

சிலர் இரக்கத்தால் வாங்குகிறார்கள். "பாவம், அந்தக் கூடையிலேயே கிடந்து செத்துடும்னு தூக்கிட்டு வந்தேன்." மனசு நல்ல மனசுதான். ஆனால் காலியான கூடை அடுத்த வாரம் நிரம்பும். நீங்கள் கொடுத்த காசு தாயை மறுபடி இணைக்கு அனுப்பியது.

கடைசி வாதம் ஒன்று உண்டு, வடசென்னையில் அதைத் தட்டிவிட்டுப் போக முடியாது: "அவனும் பொழைக்க வேணாமா?" கம்பெனி மூடிய பிறகு வீட்டில் ஒரு பெட்டை லேப் வைத்துக் குட்டி விற்பவர்கள் இருக்கிறார்கள். பிழைக்கட்டும். முறையாகப் பதிவு செய்து, ஆண்டுக்கு ஓர் ஈற்றோடு நிறுத்தி, ஊசி போட்டு, எட்டு வாரம் தீனி கொடுத்து விற்றால் குட்டிக்கு எவ்வளவு செலவாகும் என்று அவரிடமே உட்கார்ந்து கேளுங்கள். அந்த விலையைக் கொடுங்கள். கையில் இல்லையென்றால் காசில்லாமல் கிடைக்கும் தெருக்குட்டியை எடுத்து ஊசி போடுங்கள். நாம் செய்வது என்ன? பன்னிரண்டாயிரம் சொன்னதை ஏழாயிரத்துக்குப் பேசி முடித்துவிட்டு, வீட்டில் வந்து சாமர்த்தியமாகச் சொல்லிக்கொள்கிறோம். அந்த ஐயாயிரத்தை அவர் எதில் குறைத்தார் என்று கேட்டோமா?