கண்ணெழுத்தும் புலிப்பொறியும்: கைப்பேசியில் மென்பொருள் நிறுவும் உரிமை குறித்த அறவியல் நோக்கு

காவிரிப்பூம்பட்டினத்துப் பண்டங்களின்மேல் இருவகைக் குறிகள் இடப்பட்டமையை இலக்கியங்களால் அறிகிறோம். பட்டினப்பாலை காட்டுவது புலிப்பொறி. சுங்கம் கொள்வோர் பொதிகளின்மேல் இட்ட சோழ அரசின் இலச்சினை அது. சிலப்பதிகாரத்து இந்திரவிழவூரெடுத்த காதை காட்டுவது கண்ணெழுத்து. பொதிக்கு உரியோர் தம் பெயரைத் தாமே பொறித்துக்கொண்டது. முன்னது இசைவின் அடையாளம். பின்னது இப்பொதி இன்னாருடையது என்னும் சான்று. பார்வைக்கு இரண்டும் பொறிகளே. எனினும் ஒன்றை மற்றொன்றாகக் கொள்ளுதல் எத்தகைய அறச்சிக்கலை விளைவிக்கும் என்பதை லினக்ஸ் கருனியின்மேல் இயங்கும் இன்றைய கைப்பேசிகளை முன்வைத்து இக்கட்டுரை ஆராய்கிறது.

மென்பொருளும் இன்று பொதியாகவே வருகிறது. அதனை உருவாக்கியவர் தம்மிடம் மட்டுமே உள்ள மறைத்திறவுகோலால் அதன்மேல் மின்னொப்பம் இடுகிறார். பெறுபவரின் கருவி, அவருடைய பொதுத்திறவுகோலைக் கொண்டு அவ்வொப்பத்தைச் சரிபார்க்கிறது. வழியில் ஓர் எழுத்து மாறினும் ஒப்பம் பொருந்தாது. இதுவரை இது கண்ணெழுத்தே. யாருடைய திறவுகோலை நம்புவது என்பதை யார் முடிவுசெய்கிறார் என்ற இடத்தில்தான் சிக்கல் தொடங்குகிறது.

இவ்வினாவுக்குத் திருவனந்தபுரம் பொருத்தமான களமாகும். இந்தியக் கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளை 2001 ஜூலையில் ரிச்சர்டு ஸ்டால்மன் முன்னிலையில் தொடங்கப்பெற்றது இந்நகரில்தான். கேரள அரசுப் பள்ளிகளின் கணினிக் கல்வியைக் கட்டற்ற மென்பொருளின்மேல் நிறுத்திய ஐ.டி. அட் ஸ்கூல் திட்டமும், அதன் வழிவந்த கைட் நிறுவனமும் இந்நகரைத் தலைமையிடமாகக் கொண்டவை. கைட் பள்ளிகளுக்கு வழங்கும் இயங்குதளம் உபுண்டுவை அடிப்படையாகக் கொண்டது. அதிலும் பொதிகள் ஒப்பமின்றி வருவதில்லை. ஆயினும் கணினியை நிருவகிக்கும் ஆசிரியர் நம்பத்தக்க திறவுகோல்களின் கொத்தில் ஒன்றைச் சேர்க்கலாம், நீக்கலாம். அப்பள்ளி மாணவன் வீட்டில் கையாளும் ஆண்ட்ராய்டு கைப்பேசியின் அடியிலும் அதே லினக்ஸ் கருனியே உள்ளது. கருனி ஒன்றாயினும் கொத்து அவன் குடும்பத்தார் கையில் இல்லை.

ஆண்ட்ராய்டு தொடக்கத்தில் இவ்வாறு அமையவில்லை என்பது நோக்கத்தக்கது. அதன் செயலிகளுக்கு ஒப்பம் கட்டாயமே. ஆனால் அவ்வொப்பத்தை எந்த ஆணையமும் உறுதிசெய்யத் தேவையிருக்கவில்லை. முதலில் ஒப்பமிட்டவரே அடுத்த பதிப்புக்கும் ஒப்பமிட்டாரா என்பதை மட்டும் கருவி பார்த்தது. தூய கண்ணெழுத்து எனத்தக்க ஏற்பாடு இது. 2025 ஆகஸ்டில் கூகுள் நிறுவனம், தன் சான்று பெற்ற கருவிகளில் நிறுவப்படும் செயலிகளை உருவாக்குவோர், கடைக்கு வெளியே வழங்கினும், தம் அடையாளத்தை அதனிடம் பதிவுசெய்தல் வேண்டும் என்றும், 2026 செப்டம்பரில் பிரேசில், இந்தோனேசியா, சிங்கப்பூர், தாய்லாந்து ஆகிய நாடுகளில் இது நடைமுறைக்கு வரும் என்றும் அறிவித்தது. எதிர்ப்பு எழவே, இடரை அறிந்து ஏற்போர்க்குத் தனிவழி ஒன்று வைக்கப்படும் என அவ்வாண்டு நவம்பரில் கூறியது. கண்ணெழுத்து புலிப்பொறியாக மாறும் இடம் இதுவே. இங்குப் பொறியிடுபவன் அரசனும் அல்லன் என்பது கூடுதல் வியப்பு.

இவ்வழக்கு புதியதன்று. டிவோ என்னும் ஒளிப்பதிவுக் கருவி லினக்ஸைப் பயன்படுத்தியது, மூலநிரலையும் தந்தது, ஆனால் திருத்திய நிரல் அக்கருவியில் ஓடாதவாறு ஒப்பச் சோதனையால் தடுத்தது. 2007 ஜூன் 29இல் வெளிவந்த குனூ பொது உரிமத்தின் மூன்றாம் பதிப்பு, நுகர்வோர் கருவிகளில் திருத்திய நிரலை நிறுவத் தேவையான திறவுகோலையும் தருமாறு பணித்தது. அதன் வரைவு 2006 ஆகஸ்டில் பெங்களூரிலும் விவாதிக்கப்பட்டது. லினஸ் டோர்வால்ட்ஸ் இதனை ஏற்கவில்லை. நிரலுக்கு ஈடாக நிரலையே கேட்கலாம், கருவி செய்வோனைக் கட்டுப்படுத்தலாகாது என்பது அவர் கொள்கை. எனவே கருனி இரண்டாம் பதிப்பிலேயே நின்றது. நிரல் எழுதுவோன் நோக்கில் டோர்வால்ட்ஸ் கூற்று நேரியதே. கருவியை விலைகொடுத்து வாங்கியவன் அவ்வுடன்பாட்டில் எங்கே நிற்கிறான் என்பதற்கு அதில் விடையில்லை.

கட்டுப்பாட்டை ஆதரிப்போர் தரப்பும் எளிதில் தள்ளத்தக்கதன்று. போக்குவரத்து அபராத அறிவிப்பு எனச் சொல்லி வாட்ஸ்அப்பில் போலிச் செயலிகளை அனுப்பிப் பணம் பறித்த நிகழ்வுகள் கேரளத்திலும் பதிவாகியுள்ளன. வாழ்நாள் சேமிப்பை இழந்த முதியவரிடம் நிறுவும் உரிமையைப் பற்றிப் பேசுவது கொடுமை. அவரும் 'இசைகிறேன்' என்று விரலால் தொட்டவர்தாம். ஏமாற்றிப் பெற்ற இசைவு இசைவாகுமா என்பர். இது வலிய வினா.

எனினும் இவ்வாதம் நிறுவுவது காவல் வேண்டும் என்பதையே. காவலர் ஒருவரே இருத்தல் வேண்டும் என்பதையன்று. முதியவர் தம் மகளையோ, எஃப்-டிராய்டு போன்ற கட்டற்ற செயலிக் களஞ்சியத்தையோ, தம் நகரிலேயே உள்ள ஐ.சி.எஃப்.ஓ.எஸ்.எஸ். போன்ற அரசு மையத்தையோ காவலராகக் கொள்ளவும், வேண்டாதபோது மாற்றவும் இயலுமாயின் காவலும் உண்டு, உரிமையும் உண்டு. திறவுகோற் கொத்து என்னும் ஏற்பாட்டின் பொருளே அதுதான். மேலும், அடையாளப் பதிவு வஞ்சகனைவிட நேர்மையாளனையே மிகுதியும் தடுக்கக்கூடும். பிறர் பெயரில் வங்கிக் கணக்கை வாடகைக்கு எடுப்பவனுக்குப் பிறர் பெயரில் பதிவுபெறுவது அரிதன்று. சுவதந்திர மலையாளம் கம்ப்யூட்டிங் குழுவினர் உருவாக்கிய இண்டிக் விசைப்பலகை தமிழுக்கும் பயன்படுவது. ஊதியமின்றி இத்தகைய கருவிகளைச் செய்யும் தன்னார்வலர், தம் மொழியினருக்கு ஒரு செயலியை வழங்கத் தொலைவிலுள்ள நிறுவனத்தின் ஏட்டில் ஏன் பெயர் பதியவேண்டும்?

இந்தியச் சட்டம் இவ்வினாவின் வாயில்வரை சென்றதுண்டு. இந்தியப் போட்டி ஆணையம் 2022 அக்டோபரில் கூகுளுக்கு 1,337.76 கோடி ரூபாய் தண்டம் விதித்தபோது, கடைக்கு வெளியே செயலி வழங்குவதைத் தடுத்தலாகாது என்றும் பணித்தது. 2023 மார்ச்சில் மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் தண்டத்தை நிலைநிறுத்தியது. அப்பணிப்பை மட்டும் வேறு சிலவற்றோடு நீக்கிவிட்டது. அத்தீர்ப்பு போட்டிச் சட்டத்தின் அளவுகோலால் அளந்தது. வணிகர்க்கிடையே எழும் வழக்கை அளக்க அக்கோல் போதும். வாங்கிய கருவியில் எதை நிறுவுவது என்னும் முடிவு வாங்கியவனுக்கு உரியதா என்று அங்கே எவரும் கேட்கும் வாய்ப்பு எழவில்லை.