கடன்பட்டவன் யார்?

மன்னிப்பைப் பற்றி எழுதுகிறவர்களும் பிரசங்கம் செய்கிறவர்களும் பெரும்பாலும் மன்னிக்கிறவனின் மனசைப் பற்றியே பேசுகிறார்கள். அவனுடைய கசப்பு கரைந்ததா, ராத்திரி தூக்கம் வருகிறதா, நெஞ்சின் பாரம் இறங்கியதா என்று. இப்படிப் பேசும்போது மன்னிப்பு ஒருவித மனச் சுகாதாரமாகச் சுருங்கிவிடுகிறது. எதிரே இருக்கிற ஆள், அவன் செய்த காரியம், அந்தக் காரியம் இன்னும் தொடர்கிறதா இல்லையா என்பதெல்லாம் மறைந்துபோகின்றன. கிறிஸ்தவனின் அன்றாட வாழ்க்கையில் மன்னிப்பு எதைக் கேட்கிறது என்று யோசிக்கும்போது, யார் யாருக்குக் கடன்பட்டிருக்கிறார்கள் என்ற கேள்வியிலிருந்துதான் தொடங்கவேண்டும் என்று எனக்குத் தோன்றுகிறது.

இயேசு கற்றுக்கொடுத்த ஜெபம் தமிழில் இரண்டு விதமாக வழங்குகிறது. கத்தோலிக்கர் குற்றத்தைப் ‘பொறுக்க’ச் சொல்லி வேண்டுகிறார்கள். புராட்டஸ்டண்டுகள் ‘கடனை’ மன்னிக்கச் சொல்லி வேண்டுகிறார்கள். மத்தேயுவின் கிரேக்க மூலத்தில் இருப்பதும் கடன்தான். இந்த இரண்டு சொற்களும் இரண்டு வேறு தார்மீக உலகங்களைச் சேர்ந்தவை. பொறுத்தல் என்றால் சுமத்தல். தூண் கூரையைப் பொறுக்கிறது. வள்ளுவர் பொறையுடைமையைத் தொடங்குவதே தன்னை வெட்டுகிறவனையும் சுமக்கிற பூமியை உதாரணம் காட்டித்தான். மகத்தான உவமைதான், ஆனால் பூமியிடம் யாரும் மன்னிப்புக் கேட்பதில்லை, பூமிக்கு யாரும் எதையும் திருப்பித்தர வேண்டியதும் இல்லை. பொறுத்தல் என்ற சொல்லில் சுமப்பவன் மட்டுமே இருக்கிறான். கடன் என்ற சொல்லில் இரண்டு பேர் இருக்கிறார்கள்.

மழையை நம்பி மக்காச்சோளமும் மரவள்ளியும் போடுகிற நைனார்பாளையம் பக்கத்தில், கடன் என்றால் என்ன என்று யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. ஸ்டாம்பு ஒட்டிக் கையெழுத்துப் போட்ட புரோநோட்டு ஒருவனுடைய பெட்டியில் இருக்கிறது. மூன்று வருஷத்தில் காலாவதியாகிவிடும் என்பதால் அதற்குள் மாற்றி எழுதி வாங்குவார்கள். கொடுத்ததை நோட்டின் பின்புறம் வரவு வைப்பார்கள். தீர்ந்தால் நோட்டைத் திருப்பி வாங்கிக் கிழித்துப் போடுவார்கள். இந்த எளிய வழக்கத்தில் மன்னிப்பின் இலக்கணம் முழுதும் இருக்கிறது. தொகை இன்னதென்று இரண்டு பேருக்கும் தெரியும். நோட்டை வைத்திருப்பவன்தான் அதைக் கிழிக்க முடியும். பக்கத்து வீட்டுக்காரனோ ஊர்ப் பெரியவரோ பாதிரியாரோ கிழிக்க முடியாது. கிழிப்பதால் கடனே இருந்ததில்லை என்று ஆகிவிடாது. இருந்தது, விட்டுவிட்டேன் என்றே ஆகிறது. எல்லாவற்றையும்விட முக்கியமானது, தள்ளிவிடும்படி கேட்கிறவன் கேட்கிற அந்தக் கணத்திலேயே தான் கடன்காரன் என்று ஒப்புக்கொண்டுவிடுகிறான்.

பவுல் கொலோசெயருக்கு எழுதிய நிருபத்தில் இதே உருவகம் வருகிறது. நமக்கு எதிரான கடன்பத்திரம் சிலுவையில் ஆணியடிக்கப்பட்டது என்கிறார். மத்தேயு 18ஆம் அதிகாரத்தின் உவமையில் அரசனுக்கு 10,000 தாலந்து கடன்பட்ட ஊழியன் விடுவிக்கப்படுகிறான். வெளியே வந்ததும் தனக்கு 100 தெனாரியம் தரவேண்டியவனின் கழுத்தை நெரிக்கிறான். ஒரு தெனாரியம் ஒரு நாள் கூலி. ஒரு தாலந்து சுமார் 6,000 தெனாரியம். அவனுக்குத் தள்ளப்பட்டது ஆறு கோடி நாள் கூலி. அவன் தள்ள மறுத்தது நூறு நாள் கூலி. பிரசங்கங்களில் இந்த உவமை எப்போதும் பாதிக்கப்பட்டவனை நோக்கியே திருப்பப்படுகிறது: கடவுள் உனக்கு இவ்வளவு மன்னித்தாரே, நீ இதை மன்னிக்கக்கூடாதா என்று. நூறு தெனாரியம் யாருடையது, கழுத்தில் இருப்பது யாருடைய கை என்று முதலில் பார்க்கவேண்டாமா?

நைனார்பாளையம் இருக்கும் இதே கள்ளக்குறிச்சி மாவட்டத்தில், உளுந்தூர்ப்பேட்டை அருகே எறையூர் இருக்கிறது. பழைய கத்தோலிக்க ஊர். புதுச்சேரி–கடலூர் உயர்மறைமாவட்டத்தைச் சேர்ந்தது. அங்கே வன்னியக் கிறிஸ்தவர்களும் தலித் கிறிஸ்தவர்களும் ஒரே பங்கில் இருந்தார்கள். கோயிலுக்குள் தனி இடம், தனிக் கல்லறை, தங்கள் சவ ஊர்வலம் பிரதான வீதியில் போகமுடியாது என்பவை தலித்துகளின் நெடுநாள் புகார்கள். தங்களுக்கென்று கட்டிக்கொண்ட கோயிலைத் தனிப் பங்காக அறிவிக்கும்படி கேட்டார்கள். 2008 மார்ச் 9ஆம் தேதி, தவக்காலத்தில், அவர்களுடைய குடியிருப்பு தாக்கப்பட்டது. போலீஸ் துப்பாக்கிச்சூட்டில் வன்னியக் கிறிஸ்தவர் இருவர் இறந்தார்கள்.

இரண்டு பக்கமும் இழப்பு, எனவே இருவரும் பரஸ்பரம் மன்னித்து மறந்து ஒன்றுசேர வேண்டும் என்று சொல்வது சுலபம். நேர்மையான துக்கத்தோடும் அப்படிச் சொல்லலாம். ஆனால் இரண்டு கணக்குகளை ஒன்றாக்கி நேர்செய்கிற காரியம் இது. இறந்த இருவருக்கான கணக்கு சுட்ட அரசாங்கத்தின் மேல் இருக்கிறது. அந்தக் குடும்பங்களின் துயரம் உண்மையானது, தனியாகக் கேட்கப்பட வேண்டியது. வீதியும் கல்லறையும் மறுக்கப்பட்ட கணக்கு வேறு. ஒன்றைக் காட்டி மற்றொன்றின் நோட்டைக் கிழிக்க முடியாது.

இந்தக் கணக்கு பழையது. ஆனந்தரங்கப் பிள்ளையின் நாட்குறிப்பில், 1745இல் புதுச்சேரி சம்பாக் கோயிலுக்குள் சாதிக் கிறிஸ்தவர்களையும் பறையர் கிறிஸ்தவர்களையும் பிரித்த சுவரைப் பற்றிய பதிவு இருக்கிறது. கீழே வைக்கப்பட்டவர்கள் முறையிட்டார்கள்; சுவர் எடுக்கப்பட்டது; மற்றவர்கள் பாதிரியாரோடு சண்டைக்குப் போனார்கள். எறையூருக்கும் அதற்கும் நடுவே 263 வருஷங்கள். அவ்வளவு காலமும் கிறிஸ்தவ இரக்கம் இல்லாமல் இல்லை. பள்ளிக்கூடமும் ஆஸ்பத்திரியும், பஞ்ச காலத்தில் கோதுமையும் பால்பவுடரும் வந்தன. இவற்றை நான் சிறுமைப்படுத்தவில்லை. உயிர்களைக் காப்பாற்றிய காரியங்கள். ஆனால் இரக்கம் மேலிருந்து கீழே இறங்குகிறது; யார் கடன்பட்டவன் என்று அது கேட்பதே இல்லை. கொடுக்கிறவன் கொடுக்கிறவனாகவே நின்றுவிட முடிகிறது. மன்னிப்புக் கேட்பதில்தான் இடம் மாறுகிறது: இதுவரை வாங்குகிறவனாகவே கணக்கில் எழுதப்பட்டவன் அப்போது கடன் கொடுத்தவனாகிவிடுகிறான். ஆதிக்க சாதிக் கிறிஸ்தவனால் தர்மம் செய்ய முடிவதும் மன்னிப்புக் கேட்க முடியாமல் போவதும் இதனால்தான் என்று நினைக்கிறேன். அவன் வேண்டுவது மறதி. மறதிக்கு ஒப்புதல் தேவையில்லை.

சடங்கும் இதற்கு ஒத்துப்போகிறது. இரண்டாம் வத்திக்கான் சங்கத்துக்குப் பிறகு திருப்பலியில் சபையோர் சமாதானத்தைப் பகிர்ந்துகொள்வது மறுபடி வழக்கத்துக்கு வந்தது. இந்தியாவுக்காக ரோம் 1969இல் அனுமதித்த பன்னிரண்டு மாற்றங்களில், இதைக் கைகூப்பிச் செய்யலாம் என்பதும் ஒன்று. நம் பண்பாட்டுக்கு இயல்பான, அழகான சைகை. ஆனால் தீண்டாமலே சமாதானம் சொல்ல முடிகிற சைகையும் அதுவே. ஒவ்வொரு ஞாயிறும் சமாதானம் சொல்லிவிட்டு, ஒவ்வொரு சாவிலும் வீதியை மறுக்கிற வாழ்க்கைக்கு அதில் இடமிருக்கிறது.

ஸ்தாபனம் பேசாமல் இருந்தது என்றும் சொல்வதற்கில்லை. 2000 மார்ச் 12 அன்று இரண்டாம் ஜான் பால் திருச்சபையின் மக்கள் செய்த பாவங்களுக்காக மன்னிப்பு வேண்டினார். 2003 நவம்பரில் தமிழ்நாட்டு ஆயர்களிடம் சாதிப் பாகுபாட்டைக் கண்டித்தார். 2016இல் இந்திய ஆயர் பேரவை, தலித் முன்னேற்றத்துக்கான கொள்கை ஆவணத்தில், சபைக்குள் சாதி இருப்பதை ஒப்புக்கொண்டது. இவை சிறிய விஷயங்கள் அல்ல. ஆனாலும் மன்னிப்பு கடவுளிடம் வேண்டப்படுகிறது. நோட்டு இருப்பதோ பக்கத்துத் தெருவில். மலைப்பிரசங்கம் வரிசையை வேறுவிதமாக வைத்திருக்கிறது. சகோதரனுக்கு உன்மேல் குறை இருப்பது நினைவுக்கு வந்தால் காணிக்கையைப் பீடத்தின் முன்னாலேயே வைத்துவிட்டு முதலில் அவனிடம் போகவேண்டும்.

இங்கே ஒரு வலுவான ஆட்சேபணை எழும். சுவிசேஷம் கணக்குப் பார்ப்பதை உடைக்கத்தானே வந்தது? ஊதாரிப் பிள்ளையின் தகப்பன் மகன் பேசி முடிக்கும் வரைகூடக் காத்திருக்கவில்லை. தூரத்தில் கண்டதுமே ஓடினான். 1999 ஜனவரியில் ஒரிஸ்ஸாவின் மனோகர்பூரில் கிரஹாம் ஸ்டெயின்ஸையும் அவருடைய மகன்கள் பிலிப், திமோத்தி இருவரையும் வண்டிக்குள் வைத்து எரித்துக் கொன்றார்கள். கிளாடிஸ் ஸ்டெயின்ஸ் யாரும் கேட்காமலே மன்னித்தார். பாரிபதாவில் தொழுநோயாளிகளுக்கான பணியைத் தொடர்ந்து நடத்தினார். இதற்கு முன்னால் என் இலக்கணமெல்லாம் சிறுத்துப்போகவில்லையா?

இல்லை என்றே நினைக்கிறேன். ஓடிய தகப்பன்தான் சொத்தைப் பறிகொடுத்தவன். ஓடுவதற்கான உரிமை அவனுடையது. வேலைக்காரன் ஒருவன் அவனைப் பிடரியில் தள்ளி ஓடவைத்திருந்தால் அந்தக் கதை என்னவாகியிருக்கும்? கிளாடிஸ் ஸ்டெயின்ஸையும் யாரும் கட்டாயப்படுத்தவில்லை; மன்னிப்பையும் குற்றத்தின் சட்டரீதியான விளைவையும் அவர் குழப்பிக்கொள்ளவும் இல்லை. தண்டிக்க முடியாததை மனிதர்களால் மன்னிக்கவும் முடியாது என்று ஹன்னா ஆரெண்ட் 1958இல் எழுதினார். மன்னிக்கிறவனுக்கு வேறு வழியும் திறந்திருக்க வேண்டும் என்றே அதை நான் புரிந்துகொள்கிறேன். கூலிக்கும் வழிக்கும் தண்ணீருக்கும் எதிராளியையே நம்பியிருக்கிறவன் சொல்கிற மன்னிப்பு பொறுத்தல்தான், பழைய சுமைதான். இவான் கரமசோவ் இன்னும் ஒரு படி போகிறான்: குழந்தை பட்ட சித்திரவதையைத் தாய்கூட மன்னிக்க முடியாது, தன் துயரத்தை மட்டுமே மன்னிக்கலாம் என்கிறான். அப்படியிருக்க, பிரசங்க மேடையிலிருந்து மூன்றாம் மனிதன் எதை மன்னிக்கச் சொல்ல முடியும்?

மன்னிப்புக் கேட்பது எப்படி இருக்கும் என்பதற்கு சுவிசேஷத்திலேயே மாதிரி இருக்கிறது. சகேயு வரி வசூலித்தவன்; ஏமாற்றியதை நான்கு மடங்காகத் திருப்பித் தருவதாகச் சொன்னான், அதையும் எல்லோர் முன்னிலையிலும் சொன்னான். தனிமையில் கண்ணீர் விட்டதாக லூக்கா எழுதவில்லை. எறையூருக்கோ, அதைப்போன்ற வேறு ஊருக்கோ இதைப் பெயர்த்தால், ஒரு சவ ஊர்வலம் எந்த வீதி வழியாகப் போகிறது, எந்த மண்ணில் இறங்குகிறது என்பதில்தான் வந்து நிற்கும். கடனை அடைக்க அது போதாது. கடன் இருக்கிறது என்று நோட்டின் பின்புறம் போடுகிற முதல் கையெழுத்து, அவ்வளவுதான்.

அதுவரை, மன்னிக்க மறுக்கிற தலித் கிறிஸ்தவனைக் கடின இதயம் படைத்தவன் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அவன் பழி வாங்கவில்லை, கடன் இருந்ததற்கான ஒரே சாட்சியைக் கையில் வைத்திருக்கிறான். அதை அவன் ஒருநாள் கிழிக்கலாம், கேட்கப்படாமலேகூடக் கிழிக்கலாம். அப்போது அது கிருபைதான், சந்தேகமில்லை. ஆனால் அந்த நாளைக் குறிக்கிறவர்கள் கடன்பட்டவர்களாகவோ, அவர்களுக்காகப் பேசுகிற பாதிரிமார்களாகவோ, என்னைப்போல எழுதுகிறவர்களாகவோ இருக்க முடியாது.